ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸ் ப்ராசஸர்: மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல ஒரு கத்திரி வெயில் ஓட்டி பாத்த அனுபவம்

முதல்ல நான் என்ன வேலை பண்றேன்னு சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம எந்த ப்ராசஸர் நல்லதுன்னு பேசறதுல அர்த்தமே இல்ல. பில்டர்ஸுக்கும் ஆர்க்கிடெக்ட்டுங்களுக்கும் 3டி வியூ, வாக்த்ரூ (வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி வீடியோ) பண்ணி குடுக்கறேன். ஓஎம்ஆர்லயும் போரூர்லயும் பில்டிங் பேஸ்மென்ட்டே முடிஞ்சிருக்காது, ஆனா ரோட்டோரம் ஹோர்டிங்ல ஹால், பால்கனி, கீழ நீச்சல் குளம், சுத்தி மரம்னு படம் நிக்கும்ல, அந்த மாதிரி படம். 3டிஎஸ் மேக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல மாடல் பண்ணி, கரோனாங்கற சாஃப்ட்வேர்ல ரெண்டர் எடுப்பேன், அதாவது அந்த மாடல நிஜம் மாதிரி படமா மாத்தறது. கரோனால ரெண்டரிங் முழுக்க சிபியூ, அதாவது ப்ராசஸர் தலைல தான், கிராபிக்ஸ் கார்டு எவ்ளோ பெருசா வாங்கி சொருகினாலும் படம் சீக்கிரம் வராது. அதனால எனக்கு ப்ராசஸர்ங்கறது தையல்காரங்களுக்கு மிஷின் மாதிரி, அதுல தான் சோறு.

2019 கடைசில வாங்கின ரைசன் 7 3700எக்ஸ், 8 கோர் (தனித்தனியா வேலை செய்யற மூளை மாதிரி) 16 த்ரெட் (கோருக்கு ரெண்டு வேலை வரிசை), அஞ்சு வருஷம் ஒரு நாள் கூட மக்கர் பண்ணாம ஓடுச்சு. ஆனா 30 செகண்ட் வாக்த்ரூன்னா செகண்டுக்கு 25 ஃபிரேம் கணக்குல 750 ஃபிரேம், ஃபிரேமுக்கு 6 நிமிஷம்னா 75 மணி நேரம், அதாவது மூணு நாளுக்கு மேல மிஷின தொடவே முடியாது, நடுவுல க்ளையன்ட் போன் பண்ணி "மேடம் அந்த சோஃபா கலர மட்டும் மாத்திடுங்க"ன்னு சொன்னா மறுபடி முதல்லேந்து. 2025 பொங்கலுக்கு அப்புறம் இனிமே முடியாதுன்னு முடிவு பண்ணி புது மிஷினுக்கு காசு எடுத்து வெச்சேன்.

வாங்கறதுக்கு முன்னாடி பண்ண ஒரு விஷயம் தான் எனக்கு ரொம்ப உதவுச்சு, அதனால அத கொஞ்சம் விவரமா சொல்றேன். ஒரு வாரம் டாஸ்க் மேனேஜர ரெண்டாவது மானிட்டர்ல தொறந்தே வெச்சிருந்தேன். சிபியூ கிராஃப் மேல ரைட் க்ளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்னு மாத்திட்டா ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி கட்டம் வரும். எங்கெல்லாம் நான் கைய கட்டிட்டு உக்காந்து காத்திருக்கேனோ அப்பெல்லாம் அந்த கட்டத்த பாத்து ஒரு நோட்ல எழுதி வெச்சேன். மாடலிங் பண்றப்போ, மாடிஃபையர் போடறப்போ ஒரே ஒரு கட்டம் மட்டும் உச்சில இருக்கும், மத்த 15ம் தூங்கும், மொத்தமா பாத்தா 6 சதவீதம்னு காட்டும். 6 சதவீதம் தானே, சிபியூ சும்மா தானே இருக்குன்னு நிறைய பேர் ஏமாந்துடறாங்க, ஆனா 16ல ஒண்ணு முழுசா முக்கிட்டு இருந்தா அது 6 சதவீதம் தான். அந்த இடத்துல எத்தன கோர் வாங்கினாலும் ஒண்ணும் ஆகாது, ஒரு கோர் எவ்ளோ வேகமோ அவ்ளோ தான். ரெண்டர் போட்டா அப்படியே தலைகீழ், 16 கட்டமும் 100ல ஒட்டிக்கும், அங்க கோர் எண்ணிக்கைக்கு நேரா பலன் இருக்கு.

இது ரெண்டும் எதிர்பாத்தது தான். எதிர்பாக்காதது மூணாவது. பெரிய சைட் வியூ, அதாவது ஃபாரஸ்ட் பேக்ங்கற ப்ளகின்ல மரம் புல்லு எல்லாம் தூவின சீன் தொறந்தா சிபியூ 40, 50 சதவீதத்துல தள்ளாடிட்டு இருக்கும், டிஸ்க் 100 சதவீதம். பாத்தா என் 32 ஜிபி ரேம் நிரம்பி வழிஞ்சு விண்டோஸ் எஸ்எஸ்டில கொண்டு போய் கொட்டிட்டு இருக்கு. இத்தன நாளா ப்ராசஸர் பழசாயிடுச்சுன்னு திட்டிட்டு இருந்த நேரத்துல கணிசமான பங்கு ரேம் பத்தாததால வந்தது. இது தெரியாம போயிருந்தா பட்ஜெட் மொத்தத்தையும் ப்ராசஸர்ல போட்டுட்டு மறுபடி 32 ஜிபிலயே நின்னிருப்பேன். தயவு செஞ்சு யாரா இருந்தாலும் கடைக்கு போறதுக்கு முன்னாடி இந்த ஒரு வாரம் செலவு பண்ணுங்க, இதுக்கு காசே கிடையாது.

சரி, என் முன்னாடி இருந்த சாய்ஸ். பழைய மதர்போர்டோட சாக்கெட் (ப்ராசஸர் உக்கார்ற எடம்) ஏஎம்4, அதுலயே 5950எக்ஸ் போட்டா 16 கோர் வந்துடும், போர்ட மாத்த வேணாம், பழைய ரேமோட கூட கொஞ்சம் சேத்துக்கிட்டா போதும். உண்மைய சொன்னா இதுல தான் மனசு ரொம்ப நாள் நின்னுச்சு. 2016-17ல வந்த சாக்கெட்ல இவ்ளோ வருஷம் கழிச்சும் மேல ஏற வழி இருக்கறது பெரிய விஷயம். ஆனா அது 2020 நவம்பர்ல வந்த சிப், மாடலிங் பண்ற நேரத்துல ஒத்த கோர் வேகம் எனக்கு வேணும், அங்க 9950எக்ஸோட ஜென் 5 டிசைன் நல்லாவே தாண்டி நிக்குது. அதோட சென்னைல கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்ட எடத்துல எல்லாம் 5950எக்ஸ் சீல் பிரிக்காத பெட்டியா கிடைக்கல, பெட்டி இல்லாம வர்ற ட்ரே பீஸ் தான் இருக்குன்னாங்க.

இன்டெல் பக்கம் 14900கே, அப்புறம் கோர் அல்ட்ரா 9 285கே. 14900கே 6 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், 24 கோர் 32 த்ரெட், பேப்பர்ல அட்டகாசம். ஆனா 13, 14வது ஜெனரேஷன் சிப்புங்களுக்கு அளவுக்கு மீறின வோல்டேஜ் போய் நாளாக நாளாக சிப்பே கெட்டுப் போற பிரச்சனை 2024ல பெருசா வெடிச்சுது, இன்டெலே ஒத்துக்கிட்டு மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் விட்டு, வாரன்டியும் ரெண்டு வருஷம் கூட்டி அஞ்சு வருஷமாக்கினாங்க. அப்டேட் போட்டா இனிமே கெடாதுன்னு இன்டெல் சொல்றாங்க, ஏற்கனவே கெட்டது சரியாகாது. புதுசு வாங்கி பயாஸ் (மதர்போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி ஓட்டினா நல்லா தான் இருக்கும்னு நம்பறேன், ஆனா ராத்திரி முழுக்க 100 சதவீதத்துல ஓடற வேலைக்கு அத வாங்க எனக்கு மனசு வரல. மொத்தமா லோடு ஏத்தினா 253 வாட் வரைக்கும் இழுக்கும்ங்கறது தனி கதை. இப்ப செகண்ட்ஸ்ல 13900கே, 14900கே கம்மி விலைக்கு வந்துட்டு இருக்கு, அத வாங்கறவங்க மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க, முன்னாடி யாரு எந்த பயாஸ்ல எவ்ளோ நாள் ஓட்டினாங்கன்னு நமக்கு தெரியவே தெரியாது.

285கே வேற ரகம். 2024 அக்டோபர்ல வந்தது, 8 பெரிய கோர் 16 சின்ன கோர், ஒரு கோர ரெண்டு த்ரெட்டா ஓட்டற ஹைப்பர் த்ரெடிங்க எடுத்துட்டாங்க அதனால 24 த்ரெட் தான், ஆனாலும் ரெண்டரிங்ல 9950எக்ஸுக்கு கிட்டத்தட்ட சமமா நிக்குது. கல்யாண வீடியோ எடிட் பண்றவங்களுக்கு நான் இன்டெல் தான் சொல்வேன், இதோட சின்ன தம்பி 265கே கூட போதும், ஏன்னா அதுக்குள்ள வீடியோவுக்குன்னே இருக்கற குயிக் சிங்க் இப்ப வர்ற கேமராவோட 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி ஃபைல அப்படியே டிகோட் பண்ணிடும், டைம்லைன் முக்காது. என் அக்கா பையன் கேம் விளையாட கேட்டப்போ 9800எக்ஸ்3டி வாங்குடான்னேன், 8 கோர் தான் ஆனா 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) கேமுக்கு அவ்ளோ உதவுது. எனக்கு அந்த கேஷ் தேவையில்ல, ரெண்டருக்கு கோர் தான் வேணும். ஏஎம்டியோட பெரிய ஒர்க்ஸ்டேஷன் சிப்பான த்ரெட்ரிப்பர் விலைய ஒரு தடவ பாத்தேன், அதுக்கு சர்வருக்கு போடற ரெஜிஸ்டர்ட் ரேம் தான் போடணும்னு தெரிஞ்சதும் டேப மூடிட்டேன்.

ஆக 9950எக்ஸ். 16 கோர், 32 த்ரெட், 5.7 ஜிகாஹெர்ட்ஸ் பூஸ்ட், 64 எம்பி எல்3. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 தாண்டியும் சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டி சொல்லிருக்காங்க, பழைய போர்டுல அஞ்சு வருஷம் ஓட்டின எனக்கு அது முக்கியமா பட்டுது.

வாங்கின கதை. 2025 பிப்ரவரில ஒரு சனிக்கிழமை, கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோல இறங்கி நடந்தோம், வீட்டுக்காரரும் கூட வந்தாரு. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பெரும்பாலும் எல்லாம் ஷட்டர் சாத்திருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல நுழைஞ்சா கடைசி வரைக்கும் நடந்து நாலஞ்சு கடைல விலை எழுதிட்டு தான் உக்காரணும், முதல் கடைல உக்காந்தா முடிஞ்சுது. நான் நுழைஞ்ச ரெண்டாவது கடைல நான் கேள்வி கேக்கறேன், அவரு பதில என் வீட்டுக்காரரப் பாத்து சொல்றாரு.

"சார் எடிட்டிங்குக்கா கேமிங்குக்கா?"

"என்னைக் கேளுங்கண்ணா, நான் தான் யூஸ் பண்றேன். கரோனா ரெண்டர்."

"அப்ப நல்ல கிராபிக்ஸ் கார்டா போட்டுடலாம் மேடம்."

கரோனாவுக்கு கார்டு வேணாம்ணான்னு விளக்கி சொல்லி, 9950எக்ஸ் விலை என்னன்னு கேட்டா மத்த எடத்த விட 7,000 ரூபா கம்மியா சொன்னாரு. எப்படிண்ணா இவ்ளோ கம்மின்னு தோண்டினா தான் வெளிய வருது, பெட்டி இல்லாத ட்ரே பீஸ், பில் போடாம, வாரன்டி கடையோட ஒரு வருஷம். சீல் பெட்டில வாங்கினா கம்பெனி வாரன்டி மூணு வருஷம். கேட்டிருக்கலன்னா அவரு சொல்லிருக்க மாட்டாரு, அதான் எனக்கு கோவம். ஜிஎஸ்டி 18 சதவீதத்த மிச்சம் புடிக்கலாம்னு நினைச்சு பில்லு இல்லாம வாங்கி, ரெண்டாவது வருஷம் சிப் போச்சுன்னா யார்கிட்ட போய் நிப்பீங்க? நாலாவது கடைல சீல் பெட்டி, முறையான பில், பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பர பில்லுல எழுதி வாங்கினேன், 58,000 சொச்சம் ஆச்சு. அந்த கடைல இருந்த தம்பி பொறுமையா போர்டு எடுத்து காட்டி, "அக்கா, பி650 போர்டு வாங்கறதா இருந்தா பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கறதா பாத்து வாங்குங்க, பழைய ஸ்டாக்கா இருந்தா 9000 சீரிஸ் போட்டா டிஸ்ப்ளேவே வராது"ன்னு சொன்னான். அவன் சொன்னது அப்படியே நடந்துச்சு. வீட்டுக்கு வந்து மாட்டினா ஸ்கிரீன் கருப்பு, பென்டிரைவ்ல பயாஸ் போட்டு அந்த பட்டன அமுக்கினதுக்கு அப்புறம் தான் உயிர் வந்துச்சு. அதுக்கப்புறமும் முதல் தடவ ரேம் ட்ரெய்னிங்னு, அதாவது போர்டு ரேமுக்கு ஏத்த செட்டிங்க தேடிட்டு, சில நிமிஷம் கருப்பாவே நிக்கும், பயந்து சுவிட்ச அணைச்சுடாதீங்க.

ரேம் 48 ஜிபி ரெண்டு, மொத்தம் 96 ஜிபி, 6000 ஸ்பீடு. 32 ஜிபி நாலு வாங்கினா 128 ஆச்சேன்னு தோணும், ஆனா ஏஎம்5ல நாலு ஸ்லாட்டையும் நிரப்பினா ஏஎம்டி கணக்குப்படி ஸ்பீடு 3600க்கு இறங்கிடும், சில போர்டுல அதுக்கு மேல ஓட்டலாம் ஆனா நைட் ரெண்டருக்கு அந்த ரிஸ்க் வேணாம்னு விட்டேன். ரெண்டு ஸ்டிக்கோட நிறுத்திக்கோங்க. 2025 கடைசில ரேம் விலை கன்னாபின்னான்னு ஏறிடுச்சு, நல்ல வேளையா முன்னாடியே வாங்கிட்டேன்.

கூலர் பெட்டில வராது, தனியா வாங்கணும். லிக்விட் கூலர் வாங்குங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ரெட்டை டவர் ஏர் கூலர் தான் வாங்கினேன், தெர்மல்ரைட் பேண்டம் ஸ்பிரிட். லிக்விட் கூலரோட பம்ப் நடு ராத்திரி நின்னுச்சுன்னா என் டெலிவரியும் நிக்கும், ஃபேன் நின்னா 500 ரூபாய்க்கு வேற ஃபேன் கிடைக்கும். பழைய சிப்ப கழட்டறப்போ ஒண்ணு நடந்துச்சு, ஏஎம்4ல பின்னு சிப்புல இருக்கும், பேஸ்ட் காஞ்சு போய் கூலர இழுத்தா சிப்பும் சேந்து சாக்கெட்ட விட்டு பிச்சுக்கிட்டு வந்துடுச்சு, ரெண்டு பின் வளைஞ்சு மெக்கானிக்கல் பென்சில் முனைய வெச்சு நிமித்தினேன். கழட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மிஷின ஓட விட்டு சூடாக்கி, கூலர லேசா திருகி எடுக்கணும். ஏஎம்5ல அந்த தொல்லை இல்ல, பின்னு போர்டு பக்கம் போயிடுச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 3700எக்ஸ்ல 48 நிமிஷம் எடுத்த ஒரு ஹால் ஸ்டில், அதே 4கே, அதே நாய்ஸ் லெவல், இதுல 14 நிமிஷம். முதல் நாள் அத பாத்துட்டு எழுந்து போய் காபி கூட போடல, அப்படியே உக்காந்து பாத்துட்டே இருந்தேன். க்ளையன்ட் கூட ஸ்கிரீன் ஷேர்ல உக்காந்து இன்டராக்டிவ் ரெண்டர்ல சுவத்து கலர், லைட் எல்லாம் மாத்தி அங்கேயே ஓகே வாங்க முடியுது, மூணு நாலு ரிவிஷன் ஒரே கால்ல முடியுது. மாடலிங் பக்கமும் வ்யூபோர்ட் நல்லா வேகமாச்சு, ஆனா அங்க மூணு மடங்கெல்லாம் எதிர்பாக்காதீங்க, ஒத்த கோர் வேலை ஒத்த கோர் வேலை தான்.

ஆனா சூடு. இங்க தான் வெளிநாட்டு ரிவ்யூ எதுவும் நமக்கு சரியா பொருந்தறதில்ல. அவங்க 20, 22 டிகிரி ரூம்ல வெச்சு டெஸ்ட் பண்றாங்க. என் ரூம் விருகம்பாக்கத்துல மூணாவது மாடி, மேல நேரா மொட்டை மாடி, மேற்கு பாத்த செவுரு. கூலர் என்ன பெருசா இருந்தாலும் ரூம் காத்த வெச்சு தான் ஆத்தணும், ரூமே 36ல இருந்தா அங்கேயே 14 டிகிரி போச்சு. பிப்ரவரில 85ல ஓடின சிப் ஏப்ரல்லயே 95ல போய் நின்னுச்சு. 95 வரைக்கும் போற மாதிரி தான் ஏஎம்டி டிசைன் பண்ணிருக்காங்க, அத தாண்டாம ஸ்பீட தானே கொறச்சுக்கும், கெடாது. பிரச்சனை சிப்புக்கு இல்ல, எனக்கு. பெட்டில 170 வாட்னு போட்டிருந்தாலும் ரெண்டர் ஓடறப்போ 200 வாட்ட தொடுது, அந்த சூடு எல்லாம் ரூமுக்குள்ள தான் வருது, ஏசி அத வெளிய தள்ள தனியா கரன்ட் எடுக்குது.

மே மாசம் கத்திரி தொடங்கின வாரம் எக்கோ மோட், அதாவது சிப் எடுக்கற வாட்ட கட்டுப்படுத்தற செட்டிங், போட்டேன். இது தான் இந்த ப்ராசஸர்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். 105ங்கறது பேரு தான், 105 வாட் எக்கோ மோட்ல சிப் அதிகபட்சம் 142 வாட் வரைக்கும் எடுக்கும். 14 நிமிஷ ரெண்டர் பதினஞ்சரை நிமிஷம் ஆச்சு, அவ்ளோ தான். ரூம் 36 டிகிரில சிப் 80ஐ தாண்டல, ஃபேன் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்டுட்டு இருந்தது நின்னுச்சு. 65 வாட் எக்கோவும் போட்டு பாத்தேன், 18 நிமிஷம், அதுவே பழசுக்கு ரெண்டரை மடங்குக்கு மேல வேகம். கடைசி கொஞ்சூண்டு வேகத்துக்கு தான் இந்த சிப்புங்க அவ்ளோ வாட்ட குடிக்குதுங்க. கத்திரி முடிஞ்சும் நான் 105லேந்து மாத்தவே இல்ல.

கரன்ட் கணக்கும் எழுதறேன், பிளக்ல வாட் மீட்டர் வெச்சு பாத்தது. பழைய மிஷின் ரெண்டர்ல மொத்தமா 170 வாட், 75 மணி நேரம், கிட்டத்தட்ட 13 யூனிட். புதுசு எக்கோ மோட்ல 230 வாட், ஆனா அதே 750 ஃபிரேம் 24 மணி நேரத்துல முடியுது, அஞ்சரை யூனிட். வாட் ஜாஸ்தின்னு பாத்து பயந்தவங்களுக்கு தான் இத சொல்றேன், சீக்கிரம் முடிச்சுட்டு தூங்கற மிஷின் தான் பில்ல கொறைக்குது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வர்ற ஈபி பில்லுல ஸ்லாப் தாண்டினா எவ்ளோ ஏறும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

யூபிஎஸ் மறந்துடாதீங்க. வீட்ல இருந்த 600 விஏ யூபிஎஸ் 360 வாட் தான் தாங்கும், சிபியூ கார்டு ரெண்டும் சேந்து முக்கின ஒரு நாள் ரெண்டு மானிட்டரோட சேத்து அத தாண்டி கீன்னு கத்தி அணைஞ்சுது, ஒன்பது மணி நேர ரெண்டர் போச்சு. இப்ப 1100 விஏ. அதோட மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரன்ட் எடுக்கற நாள் எதுன்னு முந்தின நாளே பேப்பர்ல பாத்துட்டு தான் பெரிய ரெண்டர் போடறேன்.

குறைன்னா ரெண்டு. சும்மா இருக்கறப்போ, வெறும் மெயில் பாக்கறப்போ கூட இது பழச விட கொஞ்சம் ஜாஸ்தி கரன்ட் எடுக்குது, பழசுல கோர் இருக்கற குட்டி சிப் (சிப்லெட்) ஒண்ணு தான், இதுல ரெண்டு, அதுவும் ஒரு காரணம். உள்ள இருக்கற கிராபிக்ஸ் பேருக்கு தான், டிஸ்ப்ளே வரும், பெரிய வேலை எதுக்கும் ஆகாது, வீடியோ வேலைக்கு இன்டெல் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் எக்கோ மோட் எங்க இருக்குன்னு ஏற்கனவே கேட்டுட்டாங்க. பயாஸ்ல பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் மெனுக்குள்ள பாருங்க, போர்டுக்கு போர்டு கொஞ்சம் எடம் மாறும், அங்க கிடைக்கலன்னா விண்டோஸ்ல ரைசன் மாஸ்டர் போட்டு அதுலயும் மாத்தலாம். பயாஸ் அப்டேட் பண்ணா அந்த செட்டிங் பழையபடி போயிடும், எனக்கு ஒரு தடவ போச்சு, ஃபேன் சத்தத்துல தான் கண்டுபுடிச்சேன்.